மேல்மண் காய வேண்டும்

உருளைக்கிழங்கு வில்லையைத் திருப்பினேன், அடியில் இருக்கின்றன. வெள்ளை நூலைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டதுபோல, நுனியில் மட்டும் கறுப்பு, அதுதான் தலையாக இருக்க வேண்டும், நெளிகின்றன. வில்லையை மண்ணில் பதித்து வைத்தால் புழுக்கள் தின்ன வரும், அப்படியே எடுத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள் என்று செடி குரூப்பில் ஒரு அம்மாள் சொல்லியிருந்தார். காலையில் எடுக்க வேண்டியது. எடுக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, மாமனார் தன் அறைக்குள் போய்ப் படுத்த பிறகுதான் ஹாலில் தரையில் வந்து உட்கார்ந்தேன், என் புருஷன் லிங்கத்தின் செடிகளுக்கு நடுவில். அருவருப்பாக இருக்க வேண்டும். ஒரு புழுவைப் பார்த்தால் கத்தரிக்காய்க் கூடையையே தூக்கிப் போடுகிற ஆள் நான், லிங்கம் அதற்காக எவ்வளவு கேலி செய்திருக்கிறான். இப்போது ஒன்று விரலில் ஏறிவிட்டது, பார்த்துக்கொண்டிருக்கிறேன், அது பாட்டுக்குப் போகிறது. நான் வேலை பார்க்கிற பல் கிளினிக்கில் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு டாக்டர் கன்னத்தைத் தட்டிக் கேட்பார், தெரியுதா, இங்க தெரியுதா. நோயாளிகள் திருதிருவென்று விழித்துவிட்டு இல்லை என்று தலையாட்டுவார்கள். லிங்கம் போனதிலிருந்து எனக்கு மொத்த உடம்பும் அந்தக் கன்னம்தான். வருகிறவர்கள் எல்லாம் தட்டிப் பார்க்கிறார்கள். அழுதுரும்மா, அழுதா பாரம் குறையும். எங்கே இருக்கிறது பாரம், இருந்தால் தெரியாதா. விரலைத் தொட்டியின் விளிம்பில் தேய்த்துப் புழுவை இறக்கிவிட்டேன். எதற்கு இறக்கிவிட்டேன், கொல்லத்தானே உட்கார்ந்தேன்.

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், வில்லையும் வேண்டாம், பூச்சி ஒட்டுகிற மஞ்சள் அட்டையும் வேண்டாம். மாமா, இனிமே செடிக்குத் தண்ணி ஊத்தாதீங்க. அவ்வளவுதான். ஈரம் இருந்தால்தான் இந்தப் பூச்சி முட்டையிடும், மேல்மண் காய்ந்தால் புழு செத்துவிடும், ஒன்றிரண்டு வாரம் மண்ணைக் காயப் போடுங்கள், வேறு வைத்தியமே கிடையாது என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொல்கிறார்கள். மாமா எழுந்து முகம் கழுவுவார், காபி குடிப்பார், டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பார், பிறகு சொம்பை எடுப்பார். அரிசி களைந்த தண்ணீரை இன்றைக்கும் ஒரு சட்டியில் மூடி வைத்திருக்கிறார், நான் மறந்து கொட்டிவிடக் கூடாதே என்று. அந்தச் சொம்பை எடுப்பதற்குள் சொல்ல வேண்டும். இந்த வாரம் முழுக்கச் சொல்லிப் பார்க்கிறேன், மனசுக்குள். கொஞ்ச நாளைக்கு ஊத்த வேண்டாம் மாமா. கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று கேட்பார். தண்ணி கூடிப்போச்சு மாமா. கூடினால் வழிந்துவிடுமே என்பார். நீங்க ஊத்துறதாலதான் மாமா பூச்சி வருது. உண்மை அதுதான். ஆனால் உங்களால்தான் என்று ஆரம்பிக்கிற எதையும் இப்போது அந்த மனுஷனிடம் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் சரி என்பார், சொம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார், அதுதான் பயம். அதற்கப்புறம் எதற்கு எழுந்திருப்பார்.

ஆரம்பித்தது துக்கம் கேட்க வந்தவர்களிடமிருந்து. வீடு நிறைய ஆட்கள், ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர். துக்க வீட்டில் யாரும் முழு டம்ளரைக் குடிப்பதில்லை, குடிக்காமல் வைத்தாலும் நன்றாயிருக்காது, நாக்கை நனைத்துவிட்டு நாற்காலிக்குக் கீழே வைத்துவிடுவார்கள். பாதி பாதியாக டம்ளர்கள். மாமா ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தவர் திடீரென்று குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தார். லாரித் தண்ணீர் வாங்குகிற வீடு, கீழே ஊற்ற அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது, கொண்டுபோய் மான்ஸ்டெரா செடித் தொட்டியில் ஊற்றினார். அடுத்த ஆள் வந்தார், அடுத்த டம்ளர், பக்கத்துத் தொட்டிக் கலாத்தியாவில். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சரி, அவர் கைக்கு ஒரு வேலை கிடைத்தது என்று நினைத்தேன், அது நினைவிருக்கிறது, அந்த நாட்களில் நான் நினைத்த ஒரே உருப்படியான விஷயம். வருகிறவர்கள் குறைந்தார்கள், மாமா சொம்புக்கு மாறினார். பிறகு அரிசி களைந்த தண்ணீர், வடிகட்டிய டீத்தூள், தயிர்ப் பாத்திரம் அலம்பின தண்ணீர். சத்தும்மா, இது நல்ல சத்து. சத்துதான், புழுவுக்கு. மாமா காலமெல்லாம் பஸ் ஓட்டினவர், தென்காசிப் பக்கம், மலைப்பாதை. டிரிப் எடுப்பதற்கு முன்னால் ரேடியேட்டரைத் திறந்து விளிம்புவரை ஊற்றுவாராம், வழிந்தால்தான் நிறைந்தது என்று அர்த்தம், குறைந்தால் வண்டி மலையில் நின்றுவிடும். கை அந்தக் கணக்கிலேயே நின்றுவிட்டது. தொட்டியிலும் அப்படித்தான், அடித்தட்டு நிறைந்து தரைக்கு வரும்வரை ஊற்றுவார். வந்ததும் ஒரு திருப்தி முகத்தில். அந்த முகத்தை நான் நாளுக்கு இரண்டு தடவை பார்க்கிறேன், வேறு நேரத்தில் அங்கே ஒன்றும் இருப்பதில்லை.

பூச்சி ஒன்று மூக்குக்கு வருகிறது. ஊதினேன், போய்விட்டுத் திரும்ப வருகிறது. கொசுவென்றால் கடித்துவிட்டுப் போகும், ஒரு நியாயம் இருக்கும். இது கடிக்காது, ஒன்றும் செய்யாது, முகத்துக்கு முன்னால் வந்து ஆடும், அவ்வளவுதான். மூச்சு வருகிற இடத்தைத் தேடி வருமாம். மூச்சு இருக்கிற ஆளாகப் பார்த்து. படித்ததிலிருந்து மூச்சைக் கொஞ்சம் குறைத்து விடுகிறேன், அசட்டுத்தனம்தான். காபியில் விழுந்து கிடக்கிறது, கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடிக்கிறேன். மாமா டம்ளரில் விழுந்தால் அவர் பார்ப்பதே இல்லை, அப்படியே குடித்துவிடுகிறார், நான்தான் முதலிலேயே எட்டிப் பார்த்துக் கொடுக்கிறேன். மஞ்சள் அட்டையில் ஒட்டிக் கிடப்பவை காய்ந்துபோய் மிளகுத்தூள் ஆகிவிட்டன, எண்ண முடியாது. அந்த அட்டையை லிங்கத்தின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தேன், அங்கேதான் வெளிச்சத்துக்கு அதிகம் வருகின்றன. ஆழ்வார்குறிச்சிப் பெரியத்தை வந்தபோது, மஞ்சளாக ஏதோ தொங்குகிறதே, கோயிலில் கொடுத்ததாக்கும் என்று பக்தியோடு தொட்டுக் கண்ணில் ஒற்றப் போனாள். கை ஒட்டிக்கொண்டது. மறு கையால் பிரிக்கப் போய் அதுவும் ஒட்டி, என்னட்டி இது கருமம் என்று அவள் அட்டையோடு நின்ற நிற்பு. லிங்கம் இருந்தால் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்திருப்பான். நான் தேங்காயெண்ணெய் எடுத்து வந்து விரல் விரலாகத் துடைத்துவிட்டேன். சிரிப்பு வர வேண்டிய இடம் என்று தெரிந்தது. வரவில்லை. அழுகையைத்தான் பெரிசாகச் சொல்கிறார்கள், சிரிப்பும் வரவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது.

போன் அடிக்கிறது, மாமா எழுந்துவிடப் போகிறார் என்று பதறி எடுத்தேன். கோமதி. லிங்கத்தின் தங்கை, திருநெல்வேலியில் இருக்கிறாள். "மதினி, சாப்பிட்டாச்சா? அப்பா எங்க?" படுத்திருக்கிறார் என்றேன். "ஞாயித்துக்கெழம நாங்க கார் எடுத்துட்டு வாறோம் மதினி. அப்பாவ இங்க கூட்டிட்டு வந்துருதோம். நீங்களும் எத்தன நாளைக்குத்தான் பாப்பீங்க." நான் ஒண்ணும் சொல்லலையே கோமதி என்றேன். "நீங்க சொல்ல மாட்டீங்க. ஊருல வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கணுமே. அண்ணனும் இல்ல, பிள்ளயும் இல்ல, மாமனாரும் மருமகளும் மட்டும் ஒரு வீட்டுலயான்னு கேக்காங்க. எனக்கே பதில் சொல்ல முடியல. தப்பா எடுத்துக்கிடாதீங்க." தப்பாக எடுத்துக்கொள்வது எப்படி என்று யோசித்தேன், அதற்கும் ஏதோ தேவைப்படுகிறது, இருப்பு இல்லை. "அப்பாட்ட கேட்டா, நான் வந்துட்டா செடிக்கு யாரு தண்ணி ஊத்துவான்னு கேக்காங்க மதினி. செடிக்காக ஒரு மனுஷன் மெட்ராசுல கெடப்பானா? பேசாம அதையெல்லாம் யாருக்காச்சும் குடுத்துருங்க. செடி இல்லன்னா தானா வந்துருவாங்க." சரி கோமதி, பாக்குறேன் என்றேன். "பாக்குறேன்னா?" பாக்குறேன் என்று மறுபடியும் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவளுக்கு அழுகை நன்றாக வருகிறது, பொறாமையாக இருந்தது, ஆமாம், பொறாமைதான், அது மட்டும் தெரிந்தது.

ஆக, தண்ணீரை நிறுத்தினால் மாமா போய்விடுவார். நிறுத்தாவிட்டால் செடி போய்விடும், செடி போனாலும் மாமா போய்விடுவார். எப்படிச் சுற்றி வந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து நிற்கிறது. கோமதி செடி வேண்டாம் என்கிறாள், நான் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லப் போகிறேன், இரண்டும் ஒன்றுதான், அவர் கையிலிருந்து சொம்பைப் பிடுங்குவது. பிடுங்கிவிட்டு நான் என்ன செய்வேன். கிளினிக் போய்விட்டு வந்து கதவைத் திறப்பேன், செருப்பைக் கழற்றுவேன், உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். மாமாவும் நானும் பேசிக்கொள்வது ஒன்றுமில்லை, ரசம் ஊத்தவா, போதும்மா, அவ்வளவுதான் ஒரு நாளைக்கு. ஆனாலும் அந்த அறையிலிருந்து ஒரு செருமல் கேட்கிறது. பக்கத்து அறையில் ஒரு ஆள் செருமுவதற்காக மாமனாரைப் பிடித்து வைத்துக்கொள்வது என்ன நியாயம். நியாயம் இல்லைதான். எனக்கு அவர் இருக்க வேண்டும். வெளிப்படையாகச் சொன்னால் அதுதான், ஊர் என்ன பேசினாலும். லிங்கத்தைப் பற்றி என்னோடு பேசாத ஒரே ஆள் அவர். பேசாமலேயே லிங்கத்தைத் தெரிந்த ஆள்.

பேசவே இல்லை, அதையும் சொல்ல வேண்டும். லிங்கத்துக்குக் குடலில் ஓட்டை, அவசரமாக ஆபரேஷன், முடிந்தது, நல்லாயிருக்கார் என்றார்கள். ஐசியூவில் ஒரு ஆள்தான் உள்ளே போகலாம். அன்றைக்குக் காலையில் நான் குளித்துவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்கு வந்தேன், மாமா உள்ளே போனார். நான் திரும்பி வரும்போது அவர் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், தோளில் துண்டு. முழிச்சிருந்தாரா மாமா? முழிச்சிருந்தான். என்ன சொன்னார்? மாமா முன்னால் நான் அவனை அவர் என்றுதான் சொல்வேன். ஒண்ணும் சொல்லலம்மா. அடுத்து நான் போகிற முறை வருவதற்குள் ஆட்கள் ஓடினார்கள், திரையை இழுத்தார்கள். லிங்கம் ஒன்றும் சொல்லாமல் இருக்கிற ஆளா? தூக்கத்தில்கூடப் பேசுவான். சுடுகாட்டில் சித்தப்பா மகன்தான் குடம் தூக்கினான், பெற்றவர் செய்யக் கூடாதாம், மாமா தள்ளி ஒரு வேப்ப மரத்தடியில் நின்றாராம், யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு தடவை ஒண்ணும் சொல்லலம்மா என்பார், அதை இரண்டாவது தடவை கேட்கத் தெம்பில்லை.

செடிகளைப் பார்க்கிறேன். மான்ஸ்டெராவின் அடி இலைகள் மஞ்சள், ஒன்று தொட்டதும் காம்போடு கையில் வந்துவிட்டது. கலாத்தியா ஓரமெல்லாம் கருகி, தண்டு கொழகொழவென்று. வேர் அழுகும் வாடை, நனைந்த கோணிச்சாக்கு வாடை, ஹாலெல்லாம். உண்மையைச் சொன்னால் எனக்கு இவற்றைப் பிடிக்கவே பிடிக்காது. சோபா போட வேண்டிய இடத்தில் காடு வளர்க்கிறான் என்று எத்தனை சண்டை. அவன் ஆபீசிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஒவ்வொரு தொட்டியிலும் ஆள்காட்டி விரலை விடுவான். ஈரம் இருந்தால் தொட மாட்டான், காய்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம். காயவிடணும் உலகு, காயக் காயத்தான் வேர் தேடிப் போகும். எனக்கு உலகேஸ்வரி என்று பேர், அவன் மட்டும் உலகு. நானும் விரலை விட்டுப் பார்த்தேன், அடிவரை சேறு. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் ஒன்றும் மிஞ்சாது. அவன் விரல் விட்ட மண் இதுதான், வேறு எதையும் அவன் இப்படித் தினம் தொட்டதில்லை, என்னையும் சேர்த்துத்தான். காப்பாற்ற வேண்டும் என்று இருக்கிறதா எனக்கு? தட்டிப் பார்த்துக்கொண்டேன். ஏதோ இருக்கிறது. மரத்த இடத்துக்கு அடியில் எங்கேயோ, சின்னதாக. சொல்லிவிடலாம். சொல்லித்தான் ஆக வேண்டும்.

கட்டில் கிறீச்சிடுகிறது. செருமல். பாத்ரூம் குழாய். எழுந்து காபி போட்டேன், டம்ளருக்குள் எட்டிப் பார்த்துக் கொடுத்தேன். மாமா நின்றபடியே குடித்தார், கழுவினார், கவிழ்த்தார். நான் மான்ஸ்டெராவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன், ஒரு கையில் உருளைக்கிழங்கு வில்லை. அவர் சட்டியிலிருந்து சொம்பில் வெள்ளைத் தண்ணீரைச் சாய்த்து, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். நான் நகர்வேன் என்று நின்றார். நகரவில்லை. "என்னம்மா?" என்றார்.

"மாமா, இதுக்குத் தண்ணி ஊத்தக் கூடாது மாமா. ஊத்துனா செத்துரும்."

சொல்லிவிட்டேன். இவ்வளவு சுலபமா. மாமா சரி என்று சொல்லவில்லை. சொம்பைப் பார்த்தார், செடியைப் பார்த்தார்.

"அந்த நர்சுப் பிள்ளையும் இதத்தாம்மா சொல்லுச்சு" என்றார். எந்த நர்ஸ் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் பேசினார். சத்தம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை, பஸ்ஸில் ஸ்டாப் பெயர் சொல்கிற மாதிரி. "தண்ணி கேட்டான். அப்பா, ஒரு மடக்கு, ஒரே ஒரு மடக்குன்னு கையப் பிடிச்சுக்கிட்டான். குடுக்கக் கூடாது தாத்தா, குடுத்தா உசுருக்கு ஆபத்துன்னு அந்தப் பிள்ள சொல்லுச்சு. பஞ்ச நனைச்சுக் குடுத்துச்சு, அத உதட்டுல வச்சேன். பஞ்சச் சப்புனான். உலகுட்ட சொல்லுங்கப்பா, அவ குடுப்பான்னான்." சொம்பை மார்போடு சேர்த்துப் பிடித்தார். "நான் குடுக்கலம்மா. குடுக்காமத்தான் வச்சிருந்தேன். அப்பவும் போயிட்டான்."

அவ குடுப்பா. வில்லை என் கையில் நசுங்கியிருந்தது. வலித்தது, அப்படி ஒரு வலி, தொட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அழுகை வருகிறது, வாய்விட்டு, என்னால் அடக்க முடியவில்லை, மாமா முன்னால் இப்படி அழலாமா என்றுகூடத் தோன்றவில்லை. மாமா என்னைத் தொடவில்லை, தேற்றவில்லை. இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார், யாராவது உத்தரவு கொடுக்கட்டும் என்பதுபோல. சொம்பில் தண்ணீர் தளும்பியது. மண்ணில் பதித்திருந்த மற்ற வில்லைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தரையில் போட்டேன். இலையை ஒதுக்கிப் பிடித்தேன்.

"ஊத்துங்க மாமா."

என் முகத்தைப் பார்த்தார். ஊற்றினார். பூச்சிகள் எழும்பி அவர் முகத்துக்கும் என் முகத்துக்கும் வந்தன, இரண்டு பேரும் ஊதவில்லை. மண் குடித்துக்கொண்டே இருந்தது, தட்டு நிறைந்தது, தரையில் இறங்கி என் புடவையை நனைத்தது. சொம்பு காலியானது. மாமா அதைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் விட்டார்.

"இன்னொரு சொம்பு கொண்டு வரட்டுமா மாமா" என்று கேட்டேன்.